நாய்க்கு இட்ட பெயர்



வீட்டிற்கு நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தால், அதற்குப் பால் வார்க்கும் முன்னரே எழும் வினா, "என்ன பெயர் இடலாம்?" என்பதாகும். வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்துத் தீவின் மேய்ப்பு நாயை வளர்ப்போருக்கு இதில் தொல்லை இல்லை. அவர்களுடைய பழங்கதைகளில் வரும் ஓடின், தோர், பிரேயா முதலிய தெய்வப் பெயர்கள் ஆயத்தமாக உள்ளன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அத்தீவில் குடியேறிய நார்வே மக்கள் கொணர்ந்த நாய்களின் வழிவந்தது அவ்வினம். இருபதாம் நூற்றாண்டில் அது அழியும் நிலையை எய்தவே, அதனைக் காக்கும் நோக்குடன் 1969-இல் அங்கே ஒரு சங்கம் தோன்றிற்று. பழைய இனத்திற்குப் பழைய பெயர் பொருந்துவது இயல்பே.

நமக்கோ சற்றுத் தயக்கம் உண்டு. ஐஸ்லாந்து ஏறத்தாழ கி.பி. 1000-இல் கிறித்துவ சமயத்தைத் தழுவியது. கோயிலிழந்த அத்தெய்வங்கள் கதைமாந்தராயினர். நம் தெய்வங்களுக்கோ நாள்தோறும் விளக்கேற்றப்படுகிறது. "முருகா, வெளியே போ!" என்று நாயை அதட்ட நம் நாக் கூசுமன்றோ?

ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் காளி என்ற பெயருடன் ஒரு நாய் கன்னட நாட்டில் வாழ்ந்தது. அதற்குச் சான்று பெங்களூரில், கஸ்தூரிபா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த கல் அது. கி.பி. 949-இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைத் தமிழர் அறிவர். அப்போரில் வென்ற பக்கத்தில் நின்றவர்கள், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், கங்க மன்னன் பூதுகனும். பூதுகனின் வீரன் மணலேரன் காட்டிய ஆற்றலை மெச்சி, "வேண்டுவது கேள்" என்றான் கிருஷ்ணன். மணலேரன் ஊரையோ பொன்னையோ வேண்டவில்லை. காளி என்னும் வேட்டை நாயை வேண்டிப் பெற்றான். பின்னர் அந்நாய் பெருங்காட்டுப்பன்றி ஒன்றுடன் பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன் கல் நட்டு, நிலமும் விட்டு, பூசைக்கும் வழிசெய்தான். நாயும் பன்றியும் பொரும் காட்சியை அக்கல்லில் இன்றும் காணலாம். அப்பெயர் கருநிறம் பற்றியதா, தேவியின் பெயரா என்று கல்வெட்டு விளக்கவில்லை. ஆனால் அப்பெயர் இழிவாகக் கருதப்படவில்லை என்பதை அந்தப் பூசையே காட்டுகிறது.

வியப்பென்னவெனில், அதே பத்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக ஐஸ்லாந்துக் கதையொன்றும் இதனையே சொல்கிறது. நியால் கதையில், குன்னார் என்னும் வீரனுக்கு நண்பன் ஒருவன் சாம் என்ற நாயைப் பரிசளிக்கிறான். பகைவர் முதலில் நாயைக் கொல்கின்றனர். அதன் மரண ஓலமே தலைவனை எழுப்புகிறது.

தமிழ்நாட்டிற்கும் இம்மரபு புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து மடிந்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் இடம்பெற்றுள்ளது. அதன் பெயர் கோவிவன். வீரனுடன் நாயின் பெயரையும் பொறித்த உளிக்கு நாம் நன்றி கூறவேண்டும். வேதத்திலும், களவுபோன பசுக்களைத் தேடிச் சென்ற தேவநாய்க்குச் சரமா என்று தனிப்பெயர் உண்டு. மகாபாரதத்தில் தருமனைக் கடைசிவரை தொடர்ந்த நாய்க்கோ பெயர் சொல்லப்படவில்லை. அதைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்ததே தருமன் அதற்களித்த சிறப்பு.

மொழிபெயர்ப்போர் யாவற்றையும் வேற்றுமொழியில் சொல்ல முயல்வர். ஆனால் பெயரை மட்டும் மாற்றாது விட்டுவிடுவர். ஒருவனை மற்றவரிடமிருந்து பிரித்து, 'இவன் நம்மவன்' என்று காட்டுவது அதுவேயாகும். நாய்க்குப் பெயரிடுவதும் அத்தகைய உறுதிமொழியே. முதோல் நாயையோ இராசபாளையம் நாயையோ வளர்ப்போர் சரமா என்றும் கோவிவன் என்றும் அழைக்கலாம். எப்பெயரானாலும் குற்றமில்லை. பெயரிட்டு வளர்த்ததை, முதுமை வந்ததும் தெருவில் விட்டுவிடுவதே குற்றம். மணலேரன் நாய்க்குத் தந்தது பெயரோடு நில்லாது, அதன் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்த கடமையாக இருந்தது.