பெரூஃபும் மகமையும்: வாணிக ஆராய்ச்சியிற் சமயம்

வாணிக ஆராய்ச்சியிற் சமயத்தை ஒரு காரணமாகக் கொண்டு நிறுத்தியவருள் தலையாயவர் செருமானிய அறிஞர் மாக்சு வெபர். சீர்திருத்தக் கிறித்தவ அறநெறிக்கும் முதலாளிய மனப்பான்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் 1904-05இல் எழுதிய கட்டுரைகள், 1930இல் தால்காட்டு பார்சன்சு ஆங்கிலத்திற் பெயர்த்த பின்னர் உலகெங்கும் பரவின. அவர் வாதம் ஒரு சொல்லாராய்ச்சியைப் பற்றி நிற்றல் தமிழ் மாணவர் சிறப்பாக நோக்கத்தக்கது. ‘பெரூஃப்’ என்னும் செருமானியச் சொல் பிழைப்புக்குரிய தொழிலையும் இறைவனது அழைப்பையும் ஒருங்கே உணர்த்துவது. உலகியல் தொழிலை அச்சொல்லாற் சுட்டும் வழக்கு லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பினின்று பிறந்தது என்பது வெபரின் துணிபு. தொழில் வழிபாடாயிற்று, ஈட்டிய பொருளை வீண் இன்பத்திற் செலவிடுதல் விலக்காயிற்று, ஆகவே பொருள் மீண்டும் முதலாயிற்று.

இத்துணிபு பின்வந்தோர்க்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிற்று. வணிகன் நெஞ்சில் உறையும் கோட்பாடு யாது என்று தேடுவதே அது. வெபரே 1916-17இல் இந்தியச் சமயங்களை ஆராய்ந்தபோது, வினைக் கொள்கையும் சாதிக் கட்டும் முதலாளியம் ஈண்டுத் தானே தோன்ற இடந்தாரா என்றார். மக்லெலண்டு 1961இல் வெளியிட்ட நூலில் அதனைச் சாதனை வேட்கை என்னும் உளவியல் அளவாக மாற்றி, 1964இல் காக்கிநாடா வணிகர்க்கு அவ்வேட்கையைப் பயிற்றவும் முற்பட்டார். சமய ஆராய்ச்சி மேலாண்மைப் பயிற்சியாக மாறிய வழிகளுள் இஃது ஒன்று. அதே ஆண்டிற் சென்னைத் தொழிலதிபர் 19 பேரைக் கண்டு வினவிய மில்டன் சிங்கரோ, அவர்கள் ஆலையையும் இல்லத்தையும் வேறு வேறு நெறிகட்கு உரியனவாகப் பிரித்து வாழக் கண்டார். வெபர் கூறிய தடை அவர்பால் தடையாக இல்லை.

நெஞ்சை விடுத்து வழக்கத்தை நோக்கின் வேறொரு காட்சி புலனாகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்து பகுக்கப்பட்டவர். அவர்தம் கடைகள் வாணிகத்தினின்று கோயிற்கும் அறத்திற்கும் ஒதுக்கிய பங்கு மகமை எனப்படும். கடல் கடந்த ஊர்களில் அவர் எடுப்பித்த கோயில்கள் வழிபாட்டிற்கு மட்டும் உரியனவாக இருந்தில. இரங்கூன் நகரச் செட்டியார்கள் திங்கள்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை உறுதி செய்தனர். கோயிற் பணமும் கடைகட்குக் கடனாகச் சென்றது. இறைவனும் ஒரு முதலீட்டாளன் ஆயினான்! டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் இவற்றை விரித்துரைக்கும். ஈண்டுச் சமயம் தனி ஒருவன் உள்ளக்கிளர்ச்சியன்று. கடன் கொடுப்பானும் கொள்வானும் ஒருவரை ஒருவர் அறிந்து நம்புதற்குரிய களம் என்றே யாம் கொள்கின்றோம்.

ஆயினும் சமயமே அவரைச் செல்வராக்கிற்று எனல் மிகை. ஆங்கில ஆட்சியும், 1869இல் திறந்த சூயசுக் கால்வாயும், கீழ்ப் பர்மாவின் நெல் விளைவும் இன்றேல் அவ்வட்டிக்கு இடமேது? அந்நம்பிக்கை வட்டத்திற்குப் புறத்தே நின்றவன் பர்மிய உழவன். 1930ஐ ஒட்டிய விலைவீழ்ச்சியில் அவன் கடனை இறுக்கமாட்டாது நிலத்தை இழந்தான். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 25 விழுக்காட்டை எட்டிற்று. செட்டியார்க்கும் அது விரும்பிய பேறன்று, முடங்கிய முதலே. சமயத்தை ஆராய்வோர் வட்டத்தின் உள்ளே நிலவிய நேர்மையைப் போற்றி, அதன் புறத்தே நிகழ்ந்ததை விட்டுவிடுதல் குறையாகும்.

வெபர் ஒரு சொல்லிற் தொடங்கினார்; நாம் மகமையிற் தொடங்கலாம். பேரேடும் ஐந்தொகையும் தமிழ் எழுத்திலும், பழைய பின்னக் குறிகளிலும் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கும் பயிற்சி பொருளியலார்க்கு அரிது. தமிழ்த் துறையினர்க்கு உரியது. ஒரு கடையின் ஏடுகளையேனும் முழுமையாகப் பதிப்பித்து, கோயிற்குச் சென்றது எவ்வளவு, கோயிலினின்று கடனாக மீண்டது எவ்வளவு எனக் கணக்கிடின், அக்கடையளவிலேனும் மகமை முதலைக் குறைத்ததா பெருக்கிற்றா என்னும் வினாவிற்கு எண்ணாலேயே விடை கூறலாம்.