ஆடவர் ஆடைக்கடையின் அகவமைப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்களின் பெயரைக் கேட்ட அளவில் தோற்றொழிலே யாவர்க்கும் நினைவில் எழும். முன்னர் ஆவாரம்பட்டை முதலியவற்றாற் பதனிடப்பெற்று அரைப்பக்குவமாகக் கப்பலேறிய தோல், 1970-களில் அரசாங்கம் ஏற்றுமதிக் கொள்கையை மாற்றிய பின்னர், காலணியாகவும் மேற்சட்டையாகவும் உருப்பெற்று வெளிநாடு செல்லலாயிற்று. அப்பொருள்களை விற்கும் கடைகளை நெடுஞ்சாலையோரத்திலும் காண்கிறோம். ஆடவர்க்குரிய ஆடை, காலணி, பெல்ட்டு இவற்றை விற்கும் கடையொன்றின் உட்புறம் எவ்வாறு அமைதல் வேண்டுமென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழைய ஜவுளிக்கடையில், வாங்குவோர் மிதியடியை வாயிலிற் கழற்றிவிட்டு விரிப்பின்மீது அமர்வர். கடைக்காரர் துணியை எடுத்து விரித்துக் காட்டுவார். பொருள் அவர் கைக்குள்ளேயே இருந்தது. 1909-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் செல்ஃபிரிட்ஜ் என்பார் திறந்த பெருங்கடையிலோ, பொருள்கள் வாங்குவோர் தாமே தொட்டுப் பார்க்குமாறு வெளியே பரப்பப்பட்டன. இக்காலத்துக் கடைகள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. ஆகவே, முன்பு கடைக்காரர் வாய்மொழியாற் செய்ததை இன்று கடையின் அமைப்பே செய்கின்றது. வாய்மொழியிற் பொய் புகுதல் போல அமைப்பிலும் பொய் புகக்கூடும்.

முதலாவது, ஒளி. மஞ்சள் விளக்கின்கீழ்க் கருமையும் கருநீலமும் வேறுபாடின்றித் தோன்றும். ஒரு விளக்கொளியில் ஒத்த நிறமாய்த் தோன்றும் இரு துணிகள் பகலொளியில் வேறுபடுதலும் உண்டு. விளக்கின் நிறங்காட்டும் திறனை 100 என்னும் உச்ச அளவைக் கொண்டு கணிப்பர். ஆடைக்கடைக்கு 90-க்குக் குறையாத விளக்கு நன்று. பகலொளி புகும் இடம் ஒன்றும் இருத்தல் வேண்டும். ஆயினும் நேர்வெயில் படின் துணி வெளிறும், தோல் உலர்ந்து வெடிக்கும். வேலூர்க் கோடையின் கடுமையை அறிந்தவர் மேற்குநோக்கிய கண்ணாடிச் சன்னலிற் காலணியை வையார்.

இரண்டாவது, நிலைக்கண்ணாடி. ஒருவன் தன் முழு உருவத்தையும் காண, அவன் உயரத்திற் பாதியளவுள்ள கண்ணாடி போதுமென்பது பௌதிகம் பயின்ற மாணவர் அறிந்ததே. 170 செ.மீ. உயரமும், தரையினின்று 160 செ.மீ. உயரத்திற் கண்களும் உடையானுக்கு, 80 முதல் 165 செ.மீ. வரை எழும் கண்ணாடி போதும். குள்ளரும் நெட்டையரும் வருவராதலின் அதனை மேலும் கீழும் நீட்டி அமைப்பர். அது வளைவற்றதாய்ச் செங்குத்தாய் நிற்றல் வேண்டும். வளைந்த கண்ணாடி பருத்தவனை மெலிந்தவனாக்கி விற்கும்.

மூன்றாவது, இருக்கையும் தரையும். காலணியை அமர்ந்தே அணிய வேண்டுமாதலின் முதுகு சாயும் இருக்கையும், பணியாளர்க்குத் தாழ்ந்த முக்காலியும் வேண்டும். அமெரிக்கராகிய சார்ல்ஸ் பிரானக் 1920-களில் அமைத்த அளவுகருவி, பாதத்தின் நீளத்தோடு அகலத்தையும் காட்டும். அத்தகைய கருவியொன்று அருகிருத்தல் நன்று. தரை முழுதும் மெத்தென்ற கம்பளம் விரித்தால் கடினமான காலணியும் மென்மையாய்த் தோன்றும். சில அடிதூரமேனும் வெறுந்தரை விடின், வாங்குபவர் நடந்து பார்த்து உண்மை அறிவார்.

இனி, வாயிலைப்பற்றி ஒன்று கூறி முடிப்போம். இப்பகுதியில் தோல் வெட்டியும் மேற்பாகம் தைத்தும் வாழும் தொழிலாளர் பலர். தம் கைபட்ட காலணியை ஒத்ததொன்று ஒளிவீசும் கண்ணாடிக்குள் இருக்க, வாயிலிலேயே தயங்கி நிற்பவர் அவருள் உண்டு. அவர் தயக்கத்திற்குப் பணமின்மை மட்டுமே காரணமன்று. விலை யாதெனக் கேட்க நாணுதலும் காரணமாம். ஒவ்வொரு பொருளின்மீதும் விலை தெளிவாய்த் தெரியவும், வாயிலினின்று உட்புறம் முழுதும் காணவும், வாங்காது திரும்புபவரும் முகம் வாடாது செல்லவும் அமைந்த கடையே நல்ல கடை. அதற்கு மிகுபொருட் செலவு வேண்டுவதில்லை. பொருளைச் செய்தவரும் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய கடையில் வேறு எவர்தாம் நுழையத் தயங்குவர்?