பப்பாளியின் மீது பழி போடலாமா?

'பிள்ளைத்தாய்ச்சி பப்பாளியைத் தொடக்கூடாது, கரு கலைந்துவிடும்.' கோலா தெர்லா தேயிலைத் தோட்டமானாலும் தானா ராத்தா பட்டணமானாலும், இந்த எச்சரிக்கையைக் கேட்காத தமிழ்ப் பெண் உண்டா? கரு தங்காமல் போன மருமகளைப் பார்த்து, "அன்றைக்கு ஆசைப்பட்டுத் தின்றாயே!" என்று பழி சொல்லும் வீடுகளும் உண்டு. இதில் உண்மை எவ்வளவு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். செடி கொடிகள் கருவளத்தைக் கெடுப்பது வெறும் கற்பனையன்று. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த பெண் ஆடுகள் ஏராளமாக மலடாயின. பெண்மைச் சுரப்புநீரைப் போல வேலை செய்யும் பொருள் அச்செடியில் இருந்ததே காரணம். ஆனால், அந்த ஆடுகளுக்கு அதுவே நாள்தோறும் பெருந்தீனி என்பதை மறக்கக்கூடாது.

பப்பாளிக்கு வருவோம். நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் காயைக் கீறினால் வெண்ணிறப் பால் வடியும். முற்றிய ஆட்டிறைச்சியை வேக வைக்க நம் வீட்டில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுகிறோமே, அந்த வேலையைச் செய்வது இந்தப் பாலில் உள்ள பப்பெயின் என்ற பொருள்தான்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறையில் அடெபியி, அடைக்கன், பிரசாத் ஆகிய மூவர் இதை எலிகளிடம் ஆராய்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். கனிந்த பழச்சாற்றைக் குடித்த சினை எலிகளின் கருவுக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால், காயின் பால் பட்டதும் எலியின் கருப்பைத் தசை இறுகிச் சுருங்கியது. பிரசவ வலியை உண்டாக்கும் சுரப்புநீர் செய்யும் வேலையைப் போலவே அது இருந்தது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது சோதித்துப் பார்ப்பானேன்?

ஆகவே சகோதரிகளே, கர்ப்ப காலத்தில் காயையும் செங்காயையும் விலக்குங்கள். காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். நன்கு கனிந்த பழத்தை அளவோடு உண்ணலாம். அதிலுள்ள வைட்டமின் 'சி', கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர உதவும். இரத்தச் சோகையுள்ள தாய்க்கு இது நல்லதல்லவா?

தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கருவின் மரபணுக் கோளாறினால் கலைபவை. தாய் தின்ற பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பப்பாளி தின்றதால் ஒருத்தி நிரந்தர மலடியானாள் என்பதற்கும் சான்றில்லை. ஓராண்டு கடந்தும் கரு தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே மருத்துவரிடம் போக வேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேண்டாத கருவைக் கலைக்கப் பப்பாளிக்காயையும், எருக்கம்பாலையும், கலப்பைக் கிழங்கையும் நாடுவோர் உண்டு. கலப்பைக் கிழங்கிலுள்ள கொல்சிசின் ஆளையே கொல்லும் நஞ்சு. கரு அரைகுறையாகக் கலைந்தால் இரத்தப்போக்கும் சீழும் தாயின் உயிரைக் குடிக்கும். பிழைத்தாலும் கருக்குழாய் அடைபட்டுப் பின்னர் பிள்ளை இல்லாமல் போகலாம். இரத்தம் கண்டால் கைமருந்து தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றோம், என்ன குடித்தோம் என்பதைத் தாதியிடம் மறைக்காதீர்கள்.

மாமியார்மார்களே, கரு இழந்து கிடக்கும் பெண்ணுக்கு வேண்டியது ஆறுதல். பழியை அவள் மீதும் போட வேண்டாம். பழத்தின் மீதும் போட வேண்டாம்.