மாடித் தொட்டி வழிந்தால் குடோன் சரக்கு நனையும்



சரக்கு வாங்கும்போது எடை பார்க்கிறோம், ஈரம் பார்க்கிறோம், வண்டு விழுந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோம். அடுக்கிய பிறகு, அந்தச் சரக்கின் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. முன்னால் கடை, பின்னால் குடோன், மேலே வீடு என்ற அமைப்பு கீரமங்கலத்தில் நம்மில் பலருக்கு உண்டு. தொட்டி வழிந்தால் முதலில் நனைவது நம் முதல்தான்.

எங்கள் குடோனிலேயே இது நடந்தது. சுவரோரம் அடுக்கிய துவரம் பருப்பு மூட்டைகளில் அடிவரிசை நனைந்து, பூசணம் பிடித்து, வாடை வந்த பிறகே தெரிந்தது. தளம் ஒழுகுகிறது என்று எண்ணி மாடியில் சிமெண்டு பூசினோம். கூலி போனதுதான் மிச்சம், ஈரம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் தொட்டியின் வழிகுழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் மூடியின் ஓரமாக வழிந்து சுவரில் இறங்கியிருக்கிறது. காரணம் தெரியாமல் செலவு செய்யக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம்.

காரணத்தை வரிசையாகத் தேடினால் எளிதில் அகப்படும்.

1. வழிவா, கசிவா? இரவில் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, கீழே இறங்கும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். ஒரு குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளந்து கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ, வால்வுக்கு முந்தைய இணைப்பிலோ கசிவு உண்டு. இறங்காவிட்டால் வழிவைத் தேடுங்கள்.

2. எப்போது வழிகிறது? மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால், நிறுத்த மறந்த நம் கவனக்குறைவு அல்லது ஆட்டோமேட்டிக் கருவியின் கோளாறு. ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால், தொட்டிக்குள் தொங்கும் கம்பிகளில் படிவு ஏறிவிடும். அப்போது தொட்டி நிரம்பியதைக் கருவி உணராது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கம்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

3. மிதவை வால்வு. பேரூராட்சிக் குழாயிலிருந்து நிரம்பும் தொட்டிகளில் இது இருக்கும். தண்ணீர் வரும் நேரத்தில் மிதவைப் பந்தைக் கையால் மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது, குறை பந்தில். பந்தைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். ஓட்டைப் பந்து மிதக்காது, மாற்ற வேண்டும். சத்தம் இல்லையென்றால் பந்தின் கம்பி வளைந்திருக்கும். தூக்கியும் தண்ணீர் நிற்காவிட்டால் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும்.

மோட்டார் குழாயில் மிதவை வால்வை மட்டும் மாட்டி நம்பியிருக்க வேண்டாம். வால்வு மூடிய பிறகும் மோட்டார் ஓடினால் அழுத்தம் ஏறிக் குழாய் இணைப்பு விட்டுப்போகும், மோட்டாரும் சூடேறும்.

4. வழிகுழாய். வரும் தண்ணீரை மோட்டார் தள்ளுகிறது. வழியும் தண்ணீரோ தன் எடையால்தான் போக வேண்டும். ஆகவே வரும் குழாய் 1 அங்குலமானால் வழிகுழாய் 2 அங்குலம் இருப்பது நல்லது. விட்டம் இரு மடங்கானால் வாய் நான்கு மடங்காகும். வாயில் வலை கட்டி, சருகு அடையாமல் அவ்வப்போது துடையுங்கள்.

வழிகுழாயின் முனை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் தொட்டியைக் கூரைக்கு அடியில், நம் பரண் போன்ற இடத்தில் வைப்பார்கள். அதன் வழிகுழாயை வெளிச்சுவருக்கு அப்பால் நீட்டிவிடுவார்கள். சொட்டு விழுந்தால் கண்ணில் படும். அதற்கு எச்சரிக்கைக் குழாய் என்றே பெயர். நாமும் வழிகுழாயை மாடியிலேயே விடாமல், கல்லாவில் இருந்து பார்த்தால் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்து விடலாம். பக்கத்துக் கடைச் சுவரில் மட்டும் விடக்கூடாது.

நஷ்டக் கணக்கையும் பாருங்கள். 15 லிட்டர் வாளி 15 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லிட்டர். ஒரு மணி நேரம் மறந்தால் 3,600 லிட்டர் வீண், மின்சாரமும் வீண். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் கரண்டு இல்லாமல் ஒரு குடம் தண்ணீருக்கு நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல.

அமாவாசைக்குக் கடையைக் கழுவும்போது ஒருவரை மாடிக்கு அனுப்பித் தொட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். அந்த ஒரு சாண் இடைவெளி இருந்திருந்தால் எங்கள் பருப்பு தப்பியிருக்கும்.