வீணையின் குதிரை

மின்கித்தார் என்னும் மேனாட்டு இசைக்கருவியில், தந்திகளைத் தாங்கும் குதிரையையே ஒரு சிறு நெம்புகோலால் அசைத்துச் சுருதியை நெகிழவைக்கும் வழக்கம் உண்டு. 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், குதிரை முன்னே சாயுந்தோறும் தந்தி தளர்ந்து ஒலி தாழும்; பின்புறத்து வில்சுருள்கள் அதனை மீண்டும் நிலைக்கு இழுக்கும். நமது தஞ்சை வீணையோ இதற்கு நேர்மாறானது. ஈண்டுக் குதிரை சிறிதும் அசைதல் ஆகாது. வாசிப்போர் இடக்கை விரலால் தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுக்க, இறுக்கம் மிகுந்து சுருதி உயர்கின்றது, கமகம் பிறக்கின்றது. நெகிழ்ந்த தந்தி தன் நிலைக்கு வழுவாது திரும்புதல் வேண்டும் என்பதொன்றே இரண்டு கருவிக்கும் பொது.

வலங்கைமான் முதலிய காவிரிநாட்டு ஊர்களில், பாட்டியார் வாசித்த வீணை உறையிட்டபடியே மூலையில் கிடக்கும் இல்லங்கள் இன்றும் உள. "நாதம் போயிற்று" என்று அதனை விலைக்குத் தள்ளுமுன், குதிரையை ஒருகால் நோக்குமாறு அவ்வில்லத்தாரை வேண்டுகின்றோம். பலாமரத்துக் குடம் எளிதிற் கெடுவதன்று. முதலில் தேய்வது குதிரையின்மேல் ஒட்டிப் பதித்த உலோகத் தகடே.

அத்தகடு சமதளமாயிராது, சிறிது புடைத்து வளைந்திருக்கும். தந்தியை மீட்டுமிடத்தில் எந்த மேற்சுரத்திற்குக் கணு அமைகின்றதோ, அச்சுரம் ஒலியாது என்பது யங் என்னும் ஆங்கில அறிஞர் கண்ட விதி. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்காமை கண்டு, குதிரையின் வடிவமே அதற்குக் காரணம் என 1921-இல் விளக்கினார். தம்புராவிற்கு நூலும் இடுவர். வீணைக்கோ தகட்டின் வளைவே போதும். ஆதலின் தகட்டைச் சமமாகத் தேய்த்துவிடுவோர் அதன் நாதத்தையே தேய்த்துவிடுகின்றனர்.

தகட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க. பள்ளம் தட்டுப்படின், இழுத்த தந்தி அதிற் சிக்கிச் சுருதி பிசகும். புதுக் குதிரை அமைப்பதாயின், அதன் பாதங்கள் பலகையோடு இடைவெளியின்றிப் பொருந்துதல் வேண்டும். உயரம் மிகின் விரல் நோவதன்றி, அழுத்தும்போதே சுரம் ஏறிவிடும். குறையின் தந்தி மெட்டுக்களில் இடித்து இரையும்.

அடுத்தது இடம். வெறுந்தந்தியின் சுரத்திற்கு 12-ஆம் மெட்டில் மேற்சட்ஜமம்போல் இரட்டித்த சுரம் பேசவேண்டும். அது ஏறியிருப்பின் குதிரையை மெட்டுக்களினின்றும் சற்று விலக்குக, இறங்கியிருப்பின் அணுக்குக. ஒரு மெட்டு மட்டும் பிசகினால் பிழை அதன் மெழுகில் உளது. மேலே செல்லச் செல்லப் பிசகு வளருமாயின், பிழை குதிரையில் உளது. இவ்வேறுபாடு அறியாமல் 24 மெட்டுக்களையும் பெயர்த்து மீண்டும் மேளங்கட்டச் செய்து பொருளிழப்பார் பலர். குதிரை நிலைத்த பின்னரே மேளங்கட்டுதல் முறை.

பெரிய குதிரையை நகர்த்துங்கால், அதன்மேற் சாய்ந்து மூன்று தாளத் தந்திகளைத் தாங்கும் வளைந்த பக்கக்குதிரையையும் உடன் நகர்த்துக.