கணவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகச் சொன்ன கதாநாயகி!

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் ரெயில் பாதையில், சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணிக் கரை ஊர். கள்ளபிரான் கோவில் இங்கேதான் உள்ளது.

அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டு, சினிமா உலகில் கொடிகட்டிப் பறந்தவர் எஸ். டி. சுப்புலட்சுமி. 'எஸ்' என்றால் ஸ்ரீவைகுண்டம்!

காக்கைக்குத் துப்பாக்கி

தியாகராஜ பாகவதரும் சுப்புலட்சுமியும் மேடையில் ஜோடியாக நடித்த நாடகம் 'பவளக்கொடி'. டைரக்டர் கே. சுப்பிரமணியம் அந்த ஜோடியை வைத்தே 1934-ல் அதைப் படமாக எடுத்தார். இருவருக்கும் அதுதான் முதல் படம். படத்தில் சுமார் 50 பாட்டுகள்!

சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்த காலம் அது. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். எச்சில் இலைக்கு வரும் காக்கைகள் கத்தினால், அதுவும் படத்தில் பதிவாகிவிடும். காக்கைகளை விரட்ட, துப்பாக்கியோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம்!

பிறகு சுப்பிரமணியத்தையே சுப்புலட்சுமி மணந்துகொண்டார்.

1936-ல் 'பக்த குசேலா' வந்தது. குசேலராக நடித்தவர் பாபநாசம் சிவன். (பெயரில் உள்ளது நம் நெல்லைப் பாபநாசம் அல்ல, தஞ்சைப் பாபநாசம்.) 27 பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, சோற்றுக்கு வழியில்லாமல் தவிக்கும் மனைவி சுசீலை, சுப்புலட்சுமி. துவாரகையை ஆளும் கண்ணனும் அவரே!

கோர்ட்டில் சாவித்திரி

ஆனாலும், அவர் பெயர் நிலைத்தது 1939-ல் வந்த 'தியாகபூமி' படத்தினால்தான். கல்கி எழுதிய கதை. 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் படக் காட்சிகளுடன் தொடராக வந்தது.

சாவித்திரி என்ற பெண்ணை, கர்ப்பிணி என்றும் பாராமல் கணவன் வீட்டார் விரட்டுகிறார்கள். அவள் பிறந்த குழந்தையைத் தகப்பனார் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். பின்னாளில் உமாராணி என்ற செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள்.

இப்போது கணவனுக்கு மனைவி வேண்டும்! சேர்ந்து வாழ வரவேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்!

கணவன் மனைவிக்குக் கொடுப்பதுதான் ஜீவனாம்சம் என்று இருந்த காலம். விவாகரத்துக்கு வழி செய்த இந்து திருமணச் சட்டமே 1955-ல்தான் வந்தது. அதற்கு 16 வருடம் முன்பே, வெள்ளித் திரையில் ஒரு பெண் இப்படிப் பேசினாள் என்றால் கொட்டகையில் இருந்த தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

தீர்ப்பு சாவித்திரிக்குச் சாதகமாக இல்லை. அவள் கணவன் வீட்டுக்கும் போகவில்லை. தேச விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, சிறைக்குப் போகிறாள்.

தடை

வெள்ளைக்கார சர்க்கார் சும்மா இருக்குமா? காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு, படத்துக்குத் தடை போட்டது. தடை வருகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் அலை மோதியது. போலீசார் தடியடி நடத்தினார்கள்.

புனேயில் உள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் அந்தப் படத்தின் பிரதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.