செயற்கைக்கோள் நம் குளத்துத் தண்ணீரைப் பார்க்குமா?



குற்றால மலையில் நல்ல மழை பெய்தால் சிற்றாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். பார்த்தவுடனே "மலையில நல்ல மழை போல" என்று சொல்லிவிடுவோம். குளம் பச்சையாகக் கிடந்தால் "பாசி பிடிச்சிட்டு, மாடுகூட வாய் வைக்காது" என்போம். நிறத்தைப் பார்த்துத் தண்ணீரின் நிலையைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. இதே வேலையைத்தான் பூமிக்கு மேலே 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களும் செய்கின்றன.

"அப்போ நம்ம குழாய்த் தண்ணி நல்லதா கெட்டதான்னு மேலே இருந்தே தெரிஞ்சிருமா?" என்று ஒரு கூட்டத்தில் அக்கா ஒருவர் கேட்டார். நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் பற்றிய கேள்வி இது. எல்லோரும் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிப் பார்க்கிறது?

வெயில் தண்ணீரில் படும்போது கொஞ்சம் ஒளி உள்ளே போய், அங்கே இருப்பவற்றின் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. மண் கலந்திருந்தால் சிவப்பு, பழுப்பு நிற ஒளி அதிகமாகத் திரும்பும். பாசி இருந்தால் அதிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோளில் உள்ள கருவி ஒவ்வொரு நிற ஒளியையும் தனித்தனியாக அளக்கிறது. இதை வைத்துக் கலங்கல் எவ்வளவு, பாசி எவ்வளவு, அமலைச் செடி எத்தனை ஏக்கரில் பரவியிருக்கிறது என்று கணக்கிடலாம். வெப்பத்தை அளக்கும் கருவி இருந்தால் தண்ணீரின் மேற்பரப்புச் சூட்டையும் அறியலாம்.

ஐரோப்பிய நாடுகளின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் படம் எடுக்கின்றன. படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட் நிலம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், சுமார் 22 சென்ட். இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம். கடலைப் பார்ப்பதற்காக நமது இஸ்ரோ 2022 நவம்பர் 26 அன்று ஓசன்சாட்-3 செயற்கைக்கோளை அனுப்பியது.

பக்கத்து மாநிலத்தில் நடந்தது

செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கிறது வேம்பநாட்டு ஏரி. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது தொழிற்சாலைகளும் படகுப் போக்குவரத்தும் நின்றன. அந்த நாள்களின் லேண்ட்சாட்-8 படங்களை ஆராய்ச்சியாளர்கள் ஊரடங்குக்கு முந்தைய படங்களோடு ஒப்பிட்டார்கள். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் சராசரியாக 15.9 சதவீதம் குறைந்திருந்தன. மனிதர் கை வைக்காமல் இருந்தால் தண்ணீர் தானே தெளிகிறது என்பதைப் படமே காட்டிவிட்டது.

அதே ஏரியில் இன்னொரு நல்ல வேலையும் நடந்தது. சிறிய வெள்ளைத் தட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி, எத்தனை ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று மாணவர்களும் உள்ளூர் மக்களும் அளந்து, செல்போன் வழியாக அனுப்பினார்கள். 1865-ல் இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்ற பாதிரியார் கண்டுபிடித்த முறை இது. செயற்கைக்கோள் சொல்லும் கணக்கு சரியா என்று பார்க்க, கீழே இருந்து ஒருவர் அளந்து சொன்னால்தான் முடியும். மேலே உள்ள கருவிக்கும் கரையில் நிற்கும் ஆள் தேவை!

கடலுக்கும் நமக்கும் என்ன?

குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நாம் கழுவிவிடும் சோப்பும் வயலில் மிஞ்சும் உரமும் அந்த வழியில்தான் போகும். உரச்சத்து அதிகமானால் குளமானாலும் கடலானாலும் பாசி பெருகும்.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர் பெருகி, மடிந்து அழுகியபோது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம். (சிற்றாற்றால்தான் அது வந்தது என்று சொல்லவில்லை.) இப்படிப்பட்ட பெருக்கத்தை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கவனித்துத் தகவல் தருகிறது. மீன் எங்கே கிடைக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்வதும் இதே நிறுவனம்தான்.

எதைப் பார்க்காது?

குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனா அணைகளும் நம் பெரிய குளங்களும் படத்தில் நன்றாகத் தெரியும். சிற்றாறு குறுகும் இடத்தில் கரை, மரம், தண்ணீர் எல்லாம் ஒரே புள்ளியில் கலந்துவிடும். கிணறு, மேல்நிலைத் தொட்டி, குழாய்த் தண்ணீரைப் பார்க்கவே முடியாது. சாரல் காலத்தில் மலை முழுக்க மேகம் மூடியிருப்பதால் அப்போதும் நிறம் தெரியாது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். ஆனால் தண்ணீர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றுதான் அது காட்டும், தண்ணீரின் தரத்தைச் சொல்லாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. கிருமிக்கும் புளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறம் கிடையாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா கிருமி இருக்கலாம். டாக்டர் கண்ணைப் பார்த்து "காமாலை போல இருக்கு" என்று சொன்னாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித்தருகிறார் அல்லவா? செயற்கைக்கோள் கண்ணைப் பார்க்கும் டாக்டர் மாதிரி. ரத்தப் பரிசோதனையைக் கீழேதான் செய்ய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொண்டு தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று உள்ளது. உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார்? ஊராட்சியில் கேளுங்கள். இல்லையென்றால் குழுவிலிருந்து பெயர் கொடுங்கள்.

2. கிருமி சோதனைப் புட்டியில் தண்ணீரை ஊற்றி வைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுப்பானால் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். ஊராட்சிக்கு உடனே சொல்லி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கவும். புளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

3. வெள்ளைத் தட்டில் கல்லைக் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். மாதம் இரண்டு முறை, நடுப்பகலில், ஒரே படித்துறையில் நின்று இறக்குங்கள். எத்தனையாவது முடிச்சில் தட்டு மறைகிறது, தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை என்று தேதியோடு எழுதுங்கள். ஆழத்தில் இறங்க வேண்டாம், துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

4. குளம் திடீரென்று பச்சையாகி மீன் செத்து மிதந்தால், அந்தத் தண்ணீரை மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

ஒரு வருடம் எழுதிய நோட்டு கையில் இருந்தால், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் "எங்க குளம் கெட்டுப்போச்சு" என்று வாயால் சொல்வதோடு நிற்க வேண்டியதில்லை. எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு என்று தேதியோடு காட்டலாம். அதே நாள்களின் செயற்கைக்கோள் படத்தையும் அதிகாரிகள் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையே சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, யார் அளப்பது, யார் எழுதுவது என்று முடிவு செய்து தீர்மான நோட்டில் பதியுங்கள், சகோதரிகளே!